ஆளில்லாத வீட்டை அளந்தது

ஸ்கேனர் ஓடும்போது அறைக்குள் ஆள் இருக்கக் கூடாது. என் வேலையில் அது ஒன்றுதான் சட்டம். மற்றதெல்லாம் சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் வந்துவிடும்.

கருவியை முக்காலியில் நிறுத்த வேண்டும். டேப்லெட்டில் தொட்டுவிட்டு வெளியே ஓடிவிட வேண்டும். அது தானாக ஒரு சுற்று சுற்றி எல்லாப் பக்கமும் லேசரை விடும். ஒளி எதில் பட்டுத் திரும்புகிறதோ அதை ஒரு புள்ளியாகக் குறித்துக்கொள்ளும். சுவர், உத்தரம், ஜன்னல் கம்பி, மூலையில் தொங்கும் ஒட்டடை எல்லாமே புள்ளிகள்தான். பிறகு அடுத்த அறை. எல்லா அறைகளின் புள்ளிகளையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகத் தைத்தால் முழு வீடும் எழுந்து நிற்கும். உலகத்தில் எங்கே இருக்கிறவரும் அதற்குள் நடந்து பார்க்கலாம்.

நடுவில் ஆள் குறுக்கே போனால் புகை மாதிரி ஒரு கீறல் விழும். அசையாமல் நின்றால் சிலை மாதிரி பதிந்துவிடும். இரண்டுக்கும் எங்கள் பாஷையில் குப்பை என்றுதான் பெயர். குப்பையை எடுப்பது என் வேலை. மலைக்குக் கீழே, கன்னிவாடியில் என் வீட்டிலேயே உட்கார்ந்து, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு, பழைய கட்டடங்களிலிருந்து ஆட்களை அழித்துக்கொண்டிருந்தேன்.

பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று எங்கள் முதலாளி போகிற இடமெல்லாம் பேசுவார். பொய். முக்கால்வாசிப் பேர் இடிப்பதற்கு முன்னால்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறதே, இனி கல் எதற்கு என்பார்கள். பிணத்தைப் படம் எடுக்கிற தொழில் இது என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். சிரிப்பார். அவருக்கு எல்லாமே சிரிப்பு.

அந்த பங்களா கொடைக்கானலிலிருந்து கூக்கால் போகிற பாதையில், பிரிவில் இறங்கி மேலே ஏறினால் வரும். வெள்ளைக்காரன் கட்டிய கல் வீடு. சரிவின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும். கூடத்தின் கடைசிச் சுவருக்கு வெளியே தரை கிடையாது. நேரே பள்ளம்தான். சுற்றிலும் வாட்டில் மரங்கள். இப்போதைய வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தார். ஒரு ஹோட்டல் கம்பெனிக்கு விற்கப்போகிறார். விற்பதற்கு முன் வீட்டை அப்படியே மாடலாக எடுத்து உலகத்துக்குக் காட்ட வேண்டும், அவருடைய தாத்தா வாங்கிய வீடாம். வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆள் யாரும் இல்லை என்று போனில் சொல்லியிருந்தார்.

நாங்கள் போனபோது கேட்டருகே ஓர் அம்மா நின்றார். அறுபதை ஒட்டிய வயது. சேலைக்கு மேல் ஆம்பளை ஸ்வெட்டர், தலையைச் சுற்றி மப்ளர். கையில் விறகு.

"வீட்டை அளக்க வந்த ஆளுகளா? வெள்ளனே வருவீகன்னு சொன்னாக. தேத்தண்ணி போட்டு ஆறிப்போய்க் கெடக்கு."

"அளக்க இல்லம்மா, படம் புடிக்க" என்றார் முதலாளி. "கம்ப்யூட்டர்ல வீட்டை அப்படியே வச்சிருவோம்."

"ஆளோடயா, ஆளில்லாமயா?"

"ஆளில்லாமதான். வெறும் வீடு."

"வெறும் வீட்டைப் புடிச்சு என்னா செய்யிறது? இங்கன யாரு இருந்தாகன்னு நாளைக்குக் கேட்டா வீடா வாயைத் தொறந்து சொல்லும்?"

முதலாளி சிரித்தார். "உங்களுக்கு வேணும்னா போன்ல தனியா ஒண்ணு எடுத்துத் தரச் சொல்றேன்."

"தனியா எனக்கு எதுக்கு? எம் மூஞ்சியத்தான் தெனமும் கண்ணாடியில பாத்துச் சலிச்சுப்போயிருக்கே."

டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். சமையலறைக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஓர் அறை. அதில் அவருடைய கட்டில், அடுப்பு, துணிக்கொடி எல்லாம் இருந்தன. ஆளில்லாத வீடு என்று சொன்னவனை அப்போதே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மேகம் விலகியிருந்தது, வேலையைத் தொடங்கிவிட்டோம்.

அந்த ஊரில் மேகத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். ஜன்னல் உடைந்த வீடு. மேகம் எழுந்து வந்து அறைக்குள் நுழைந்தால் கருவி அதையும் புள்ளியாக எடுத்துவிடும். அறை முழுக்க மாவு தூவினாற்போல ஆகிவிடும். அதனால் மேகம் விலகுகிற நேரம் பார்த்து வெரசாக ஓர் அறை, மறுபடி காத்திருத்தல், மறுபடி ஓர் அறை. வண்ணம் எடுக்க நேரமில்லை. வெறும் சாம்பல் நிறப் புள்ளிகள் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு முறையும் கருவியை ஓடவிட்டு நாங்கள் முன்வராந்தாவுக்கு வந்துவிடுவோம். கதவைச் சாத்திவிடுவோம். டேப்லெட்டில் எவ்வளவு முடிந்தது என்ற கோடு மட்டும் நகரும். உள்ளே நடப்பது தெரியாது. ஆனால் கேட்கும். பலகைத் தரை கிறீச்சென்று ஒரு முறை முனகும். பிறகு அமைதி. கருவி நின்ற பிறகு மறுபடி ஒரு முனகல்.

"உள்ள யாரோ நடக்கற மாதிரி இருக்கு சார்."

"பழைய மரம்மா. குளிருக்கு அப்படித்தான் சத்தம் போடும்."

கதவைத் திறந்தால் யாரும் இருக்க மாட்டார்கள். முக்காலி மட்டும் நிற்கும். ஆனால் அறையில் விறகுப்புகை வாசம் இருக்கும். அடுத்த அறைக்குப் போவோம். அங்கேயும் அப்படியே. நான் பயந்தவள் இல்லை. இருந்தாலும் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டுக் கீழே இறங்கினால் போதும் என்று இருந்தது.

கன்னிவாடிக்கு வந்து, நல்ல பகலில், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதுதான் கோப்பைத் திறந்தேன். முதலில் சாப்பாட்டு அறை. மேசை வந்தது, கணப்படுப்பு வந்தது. அலமாரிக்கும் கதவுக்கும் நடுவில் அந்த அம்மா நின்றார்.

ஸ்வெட்டர், மப்ளர், இரண்டு கையும் பக்கவாட்டில் நேராக. கருவியைப் பார்த்தபடி. கீறல் இல்லை, நடுக்கம் இல்லை. கண்ணை மட்டும் கருவியால் எடுக்க முடியவில்லை. அந்த இடத்தில் இரண்டு ஓட்டை.

எப்படி நடந்தது என்று உடனே புரிந்துவிட்டது. அந்தக் காலத்து வீடுகளில் அறைக்கு இரண்டு கதவு வைப்பார்கள். துரைக்கு ஒன்று, வேலைக்காரருக்கு ஒன்று. வேலைக்காரர் கதவெல்லாம் பின்னால் ஓர் இருட்டு நடைக்குள் திறக்கும். நாங்கள் முன்னால் போனதும் அவர் பின்னால் வந்து நின்றிருக்கிறார். புரிந்தது. புரிந்த பிறகும் என் முதுகுக்குப் பின்னால் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த அறையிலும் நின்றார். அதற்கடுத்த அறையிலும். படுக்கையறை, பண்டம் வைக்கிற அறை, கூடம் எதையும் விடவில்லை. அதே நிற்பு, அதே கை. எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தபோதுதான் அசல் பயம் வந்தது. புள்ளிகளால் ஆன வீட்டில் சுவர் ஊடுருவித் தெரியும். முழு வீட்டையும் தள்ளி வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு அறையிலும் ஒரே பொம்பளை, ஒரே நேரத்தில், ஒவ்வொரு திசையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். வீடு நிறைய அவர்தான்.

சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கருவிக்கு எதிரே இருக்கிற பக்கம் மட்டும்தான் பதியும். பின்னால் ஒன்றும் இல்லை. காய்ந்த பூசணி ஓட்டுக்குள் எட்டிப் பார்ப்பது போல் இருந்தது. மூக்கும் உதடும் உள்பக்கமாகக் குழிந்து தெரிந்தன.

கூடத்தில் இன்னொன்றும் இருந்தது. கடைசிச் சுவரில் பெரிய நிலைக்கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தார்கள். கண்ணாடி எங்கள் கருவிக்குச் சத்துரு. ஒளி அதில் பட்டுத் தெறித்து வேறெங்கோ போய்த் திரும்பும். கருவிக்கு அது தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு அறை இருப்பதாகக் கணக்குப் போட்டுவிடும். அப்படி ஒரு பொய் அறை, சுவரைத் தாண்டி, பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்கியது. அதற்குள் ஓர் உருவம். எங்களுக்கு முதுகைக் காட்டி, பள்ளத்தைப் பார்த்து நின்றது. இடுப்புக்கு மேலே மட்டும்தான் இருந்தது.

முதலாளிக்குப் போன் போட்டேன்.

"சார், குப்பையில ஆள் இருக்கு."

"எடுத்துரும்மா."

"ஒரே ஆள் சார். எல்லா ரூம்லயும்."

"அப்ப எல்லா ரூம்லயும் எடுத்துரு. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"அந்தம்மா சார். டீ குடுத்தாங்கல்ல."

"ஏம்மா, மாடலுக்கு முன்னாடி வீட்டுக்காரர் என்ன போடச் சொல்லியிருக்காரு தெரியுமா? பல வருசமா ஆளில்லாத வீடு. அதான் மொத வரி. காலி வீடுன்னாத்தான் ஹோட்டல்காரங்க தொடுவாங்க. நீ ரூமுக்கு ஒரு ஆளை நிப்பாட்டி வச்சா?"

"ஆளில்லாத வீட்டுல டீ யாரு சார் போட்டா? பேயா?"

"உனக்கு வாய் ஜாஸ்தி. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பு."

எனக்கு வந்த கோபத்துக்கு அப்போதே ராஜினாமா செய்திருக்கலாம். செய்யவில்லை. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் பஸ் ஏறினேன். ஏன் இப்படி நின்றார் என்று அந்த அம்மாவிடமே கேட்காமல் அழிக்க எனக்கு மனசில்லை.

கூக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. பிரிவில் இறங்கியபோது மேகம் பாதையை மூடியிருந்தது. கேட் எங்கே என்று தெரியாமல் கையால் தடவிக்கொண்டு போனேன். கேட்டுக்கு உள்ளே, ஓரடி தூரத்தில் அவர் நின்றார். அதே மாதிரி, கை நேராக. ஒரு கணம் நான் கத்திவிட்டேன்.

"எதுக்குப் புள்ள கத்துற? பஸ் சத்தம் கேட்டுச்சு. இங்கன வேற யாரு எறங்கப் போறா? கண்டுபுடிச்சிட்டீகளா?"

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? ஆள் நிக்கக் கூடாதுன்னு சொன்னோம்ல?"

"சொன்னீக. நானும் கேட்டுக்கிட்டேன். கேட்டுக்கிட்டேன்னா சரின்னா சொன்னேன்?"

அவருடைய அறையில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். வீட்டுக்காரருடைய ஆள் வந்து போயிருக்கிறான். சீசனுக்கு முன்னால் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். எங்கே போவது என்று கேட்டதற்கு, இங்கே யாரும் குடியிருந்ததாகவே பதிவு இல்லை, அதனால் அந்தக் கேள்வியே இல்லை என்றானாம்.

"கண்ணாலம் கட்டி வந்ததுலேர்ந்து இந்தக் காம்பராவுலதான் இருக்கேன். எங்க வீட்டுக்காரு இந்தத் தோட்டத்தைப் பாத்துக்கிட்டே செத்தாரு. யாருமே இல்லேன்னா நான் யாரு? அதான் ஒவ்வொரு காம்பராவுலயும் போய் நின்னேன். நான் கூட்டாத காம்பரா இந்த வீட்டுல ஏது?"

அறையைக் காம்பரா என்றபோதே அவர் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் என்று தெரிந்துவிட்டது. மலையில் அவர்கள் நிறையப் பேர். தோல் பதனிட வாட்டில் பட்டை உரிப்பதற்கென்று அவர்களைக் கொண்டுவந்து காட்டில் விட்டுவிட்டுப் போனார்கள்.

"படத்துல நின்னா விட்டுருவாங்களாம்மா?"

"ஒனக்கு வெளங்காது புள்ள. சிலோன்லேர்ந்து நாங்க வர்ற நேரம் நான் சின்னது. தோட்டத்துல நாங்க இருந்த வரிசை வீட்டுக்கு, லயத்துக்கே படம் புடிக்கிற ஆளு வந்தாரு. பாஸ்போட்டுக்குக் குடும்பமா நின்னு ஒரு படம். அதுல யாரு இருக்காகளோ அவுகதான் குடும்பம். எங்கண்ணனுக்குச் சட்டை கிழிசல். கீழ் லயத்துல ஒரு சட்டை எரவல் வாங்கியாரேன்னு தேயிலைக்குள்ள எறங்கி ஓடுனான். கிழிசலைக் கழட்டிப் போட்டுட்டு, வெத்து மேலோட. அந்த ஆளு நிக்கல. இன்னும் எத்தனையோ லயம் கெடக்குன்னு புடிச்சிட்டுப் போயிட்டாரு."

"அப்புறம்?"

"அப்பறம் என்னா? படத்துல இல்லாதவன் கப்பல்ல இல்ல. பின்னால அனுப்புவாகன்னாக. அனுப்பல. அவனை நான் கடைசியாப் பாத்தது முதுகைத்தான்."

விறகை அடுப்புக்குள் தள்ளினார். "அன்னைக்கு எங்கம்மா என் தோளை அழுத்திப் புடிச்சுக்கிட்டு சொல்லுச்சு. அசையாத, மூச்சு விடாத, அசைஞ்சா அழிஞ்சிருவ. அதே மாதிரிதான் இப்பவும் நின்னேன். நல்லா வந்திருக்கேனா?"

பதிலுக்கு லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். ஒவ்வோர் அறையாக நடத்திக் காட்டினேன். ஒவ்வொன்றிலும் தன்னைக் கண்டதும், ரேஷன் கடையில் பெயர் கூப்பிட்டது போலத் தலையை ஆட்டினார். ஒரு படுக்கையறையில் மட்டும் "மப்ளரைச் சரியாக் கட்டல, எந்திரிச்சு வந்தவ கணக்கா இருக்கேன்" என்று முகம் சுளித்தார். தெரியாமல் உருவத்தைத் திருப்பிவிட்டேன். குழிந்த பின்பக்கம் தெரிந்தது.

"முதுகு எங்க?"

"மெசினுக்கு முன்னாடி இருக்கறது மட்டும்தான் தெரியும்மா."

"நல்லதாப் போச்சு. முதுகு வலிதான் எனக்கு. அதை அங்க வேற வச்சிருக்கணுமா?"

இருவரும் சிரித்தோம். கூடத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் அந்தரத்தில் நின்றதை அவரே பார்த்துவிட்டார். விரலை வைத்தார்.

"இது யாரு?"

கண்ணாடி செய்கிற தப்பைச் சொன்னேன். நீங்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்றீர்கள், உங்கள் முதுகு அதில் தெரிந்தது, கருவி அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் என்று நினைத்துக்கொண்டது என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி. நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன்ல?"

"ஆமா."

"மப்ளர் கட்டியிருந்தேன்ல?"

"ஆமா."

"இதுல பாரு."

பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்வெட்டரின் மடிப்பு இல்லை. மப்ளரின் முடிச்சு இல்லை. ஒல்லியான கழுத்து. இரண்டு தோள்பட்டை எலும்பும் துருத்திக்கொண்டு, நடுவில் முதுகுத்தண்டு ஒரு கோடாக இறங்கியது. வெறும் முதுகு.

கண்ணாடியின் ரசம் உரிந்துபோயிருந்தது. பாதி ஒளி திரும்பவே இல்லை. புள்ளி போதாவிட்டால் எந்த முதுகும் அப்படித்தான் தெரியும். அப்போதும் இதைத்தான் சொன்னேன், இப்போதும் இதைத்தான் சொல்வேன்.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றார். "ஆனா சட்டை இன்னும் கெடைக்கல போல. அங்கனயே நிக்கிறான்."

வெளியே மேகம் ஜன்னலை ஒட்டி வந்து நின்றது. நான் லேப்டாப்பை மூடினேன்.

"புள்ள, இதை அழிச்சிருவீகளா?"

"அழிக்கச் சொல்லியிருக்காங்க."

"என்னைய அழிச்சா நாளைக்கு என் சாமான் ரோட்டுல கெடக்கும். அது ஒனக்குத் தெரியும். தெரிஞ்சு செய்யிறதுன்னா செய்யி." அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை.

வீட்டுக்கு வந்து குப்பை எடுக்க உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக நுழைந்த மேகத்தை எடுத்தேன். கூரையில் பறந்த வௌவாலின் கீறலை எடுத்தேன். கருவி சுற்றத் தொடங்கியும் வெளியே போய்ச் சேராத எங்கள் முதலாளி, வாசலில் பாதி ஆளாக, புகையாக விழுந்திருந்தார். அவரையும் எடுத்தேன். பிறகு அந்த அம்மாவைச் சுற்றிக் கோடு போட்டேன். அழிக்கிற பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். குப்பை என்றால் அங்கே இல்லாதது. மேகம் வந்து போகிறது, கீறலும் வந்து போனதுதான். இவர் அங்கே இருக்கிறவர். அந்த வீட்டில் கல்லுக்கு அடுத்தபடி உண்மையான பொருள் அவர்தான். அவரை எடுத்துவிட்டால் நான் அளந்ததே பொய்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பொய் அறையை மட்டும் அழித்திருக்க வேண்டும். அது தொழில் தர்மம். அதையும் அழிக்கவில்லை. கை வரவில்லை. பயம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை மாடலை நானே இணையத்தில் ஏற்றினேன். முதல் வரியில் "ஆளில்லாத வீடு" என்பதற்குப் பதிலாக, "இந்த வீட்டில் குடியிருப்பவர் ஒவ்வோர் அறையிலும் நிற்கிறார்" என்று எழுதினேன். முதலாளி திறந்துகூடப் பார்க்கவில்லை. சுட்டியை அப்படியே வீட்டுக்காரருக்கு அனுப்பினார். அவர் ஹோட்டல்காரர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் அனுப்பினார்.

அந்த வரியை ஒருத்தனும் படிக்கவில்லை. படத்தை மட்டும் பார்த்தார்கள். சாம்பல் நிற வீடு, ஒவ்வோர் அறையிலும் கண்ணில்லாத பொம்பளை, சுற்றிப் போனால் முதுகில்லை. போனிலிருந்து போனுக்குப் பரவியது. கொடைக்கானல் பேய் பங்களா என்று பேர் வைத்துவிட்டார்கள். ஹோட்டல்காரர்கள் பின்வாங்கிவிட்டார்கள். முதலாளி போனில் கத்தினார்.

"பேயைப் போட்டு வச்சிருக்கேன்னு ஊரே சிரிக்குது!"

"பேய் இல்ல சார். உங்களுக்கு டீ குடுத்தவங்க."

"நாளையிலிருந்து வேலைக்கு வராத."

"நான் எங்க சார் வந்தேன்? வீட்டுலதான இருக்கேன்."

அத்தோடு அந்த வேலை போனது. இப்போது வேறு இடத்தில் பாலங்களை அளக்கிறேன். பாலத்தில் யாரும் குடியிருப்பதில்லை, நிம்மதி.

உயிரோடு இருக்கிற ஒருத்தியை இருக்கிறாள் என்று சொன்னபோது எவனும் காதில் வாங்கவில்லை. செத்தவள் என்று நினைத்ததும் ஆளாளுக்கு மரியாதை. சீசன் வந்தது, போனது. சாமானை எடுக்கச் சொன்ன ஆள் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. வேறு யாராவது வாங்க வருவார்கள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இப்போதைக்கு அந்த அறையில் அடுப்பு எரிகிறது.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு நாலைந்து பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் உள்ளே, கம்பிக்கு அந்தப் பக்கம், கையைப் பக்கவாட்டில் நேராக வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

"அம்மா, அந்தப் பேய் வீடு இதானே? உள்ள யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டான் ஒருத்தன்.

"இருக்கோம்ல" என்றார். "நானும் எங்கண்ணனும் இருக்கோம். சோலியைப் பாத்துக்கிட்டுப் போங்க."

பையன்கள் அவரைத் தாண்டி, அவருக்குப் பின்னால் இருந்த கூடத்து ஜன்னலைப் பார்த்தார்கள். ஒருத்தனின் கை தானாகக் கீழே இறங்கியது. சொல்லிவைத்தாற்போல எல்லாரும் வண்டிக்குள் ஏறினார்கள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கூடத்தின் கடைசிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நிற்கத் தரையே கிடையாது. அது எனக்குத் தெரியும். அளந்தவள் நான்தான்.